வாக்கியத்தைத் திருத்தப் போனவர்

எழுதுகிறவன் அதிகாரத்தின் வாசலில் போய் நிற்கக் கூடாது என்பது நம் வட்டத்தில் ஏறக்குறைய ஒரு மத நம்பிக்கை. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் இப்படிச் சொல்கிறவர்களில் பலர் பகல் பூராவும் ஏதாவது ஒரு ஆபீஸில் உட்கார்ந்து அதிகாரத்தின் கடிதங்களை எழுதிக் கொடுப்பவர்கள். நானும் அதைச் செய்தவன்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளில் குறிப்பு எழுதினேன். மேலே இருக்கிறவர் கையெழுத்துப் போடுவதற்கான வரைவுகளைத் தயாரித்தேன். 'சம்பந்தப்பட்டவர்கள்' என்று நான் எழுதும் ஒரு சொல்லுக்குள் எத்தனை குடும்பங்கள் அடங்கியிருந்தன என்பது அந்தக் கோப்பில் இருக்காது. சாயங்காலம் வெளியே வந்ததும் நண்பர்களோடு கவிதையைப் பற்றிப் பேசுவோம். பகலின் உரைநடைக்கும் மாலையின் உரைநடைக்கும் சம்பந்தமே இல்லை என்பது நாங்கள் விவாதிக்காமலே ஒப்புக்கொண்டிருந்த விஷயம்.

இந்த ஏற்பாட்டை எனக்குள் கலைத்தவர் ஹெரால்ட் நிகல்சன். பிரிட்டிஷ் ராஜதந்திரி, பாராளுமன்ற உறுப்பினர், வாழ்க்கை வரலாற்றாசிரியர், விமர்சகர். நம்மவர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருந்தால், வர்ஜீனியா வுல்ஃபின் 'ஆர்லண்டோ'வுக்கு ஆதாரமான விடா ஸாக்வில்-வெஸ்டின் கணவர் என்றுதான் தெரிந்திருக்கும். 1985இல் எரிந்து போவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் அவருடைய நாட்குறிப்பின் ஒரு தொகுதி எனக்குக் கிடைத்தது. மற்ற இரண்டையும் தேடிப் படித்து முடிக்க வருஷங்கள் ஆயின. படிக்கப் படிக்க எனக்கு ஏற்பட்டது பிரியமா எரிச்சலா என்று இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

அவர் பிறந்தது 1886இல், டெஹ்ரானில். தகப்பனார் ஆர்தர் நிகல்சன் அப்போது அங்கே பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்தார்; பின்னாளில் லண்டன் வெளியுறவு அலுவலகத்தின் நிரந்தரச் செயலாளர் ஆனார். ஆக, இந்த மனிதருக்கு அதிகாரம் என்பது வெளியே இருந்து பார்த்த கோட்டை அல்ல; அது அவர் வீட்டுத் தாழ்வாரம். ஆக்ஸ்ஃபோர்டில் மூன்றாம் வகுப்பில்தான் தேறினார். ஆனாலும் 1909இல் வெளியுறவு அலுவலகத்துப் பரீட்சையில் தேறி உள்ளே போனார்.

1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு அந்த அலுவலகத்தில் ஒரு வரைவில் பிழை நேர்ந்தது. பெல்ஜியம் சம்பந்தமாக ஜெர்மனிக்குக் கொடுத்த கெடு இரவு பதினொரு மணிக்கு முடிய வேண்டும். அதற்கு முன்பே, ஜெர்மனி பிரிட்டன்மீது யுத்தப் பிரகடனம் செய்துவிட்டதாக ஒரு தவறான தகவல் வந்தது. அவசர அவசரமாக அதற்கேற்ப ஒரு கடிதம் எழுதி ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கியிடம் சேர்ப்பித்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, ஜெர்மனி எதையும் பிரகடனம் செய்யவில்லை. யுத்தத்தைத் தொடங்கப் போவது பிரிட்டன்தான். கடிதத்தின் முதல் வாக்கியமே பொய். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு சரியான கடிதத்தைக் கொடுத்துவிட்டு வர இருப்பவர்களிலேயே இளையவரை அனுப்பினார்கள். நிகல்சனுக்கு அப்போது வயது 27. தூதர் படுக்கைக்குப் போய்விட்டார். இவர் வற்புறுத்தி மேலே போனபோது, பைஜாமாவில் இருந்த அந்த மனிதர் மேஜையைக் கைகாட்டினார். உறை பாதி பிரிந்து அங்கே கிடந்தது. லிக்னோவ்ஸ்கி புதிய கடிதத்துக்கு ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இவருடைய தகப்பனாருக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். தகப்பனாரைப் பற்றி 1930இல் எழுதிய புத்தகத்தில் நிகல்சன் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பா எரியப் போகிறது, இங்கே ஒரு குமாஸ்தா வாக்கியம் திருத்தப் போகிறான். ஆனால் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. யார் தொடங்கினார்கள் என்பதைச் சரியாக எழுத வேண்டும் என்பது அற்ப விஷயம் அல்ல. தன் தேசத்துக்குச் சாதகமான பொய்யை எடுத்துவிட்டுப் பாதகமான நிஜத்தை வைத்துவிட்டு வந்தார் அந்த இளைஞர். அதே சமயம், அந்தத் திருத்தத்தால் ஒரு சிப்பாய்கூடப் பிழைக்கவில்லை. வாக்கியம் சரியாயிற்று; யுத்தம் நடந்தது. நிகல்சனின் முழு வாழ்க்கையையும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1917இல் பால்ஃபர் பிரகடனம் உருவானபோது வரைவு வேலைகளில் அவருக்கும் பங்கு உண்டு. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் என்று சொன்ன அந்த ஒரே வாக்கியம், அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களை 'யூதரல்லாத சமூகங்கள்' என்று குறிப்பிடுகிறது. பெரும்பான்மையாக இருந்த ஜனங்கள் எதுவல்ல என்பதன் மூலமாக அடையாளம் பெற்றார்கள். வரைவு எழுதிப் பழகிய எனக்கு அந்தப் பிரயோகத்தின் கெட்டிக்காரத்தனம் புரிகிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

1919இல் பாரிஸ் சமாதான மகாநாடு. முப்பத்திரண்டு வயது நிகல்சன் கிரேக்க, செக் எல்லைகளை வகுக்கும் கமிட்டிகளில் இருந்தார். ஏப்ரலில் ஜெனரல் ஸ்மட்ஸோடு புடாபெஸ்ட் போய் பேலா குன்னைப் பார்த்தார். மே 13 அன்று ஜனாதிபதி வில்சனின் வீட்டில் நடந்ததை அன்றே குறித்து வைத்தார். வில்சன், லாயிட் ஜார்ஜ், கிளமென்சோ மூவரும் விரித்து வைத்த வரைபடத்தின்மேல் குனிந்துகொண்டு ஆசியா மைனரைப் பலகாரம் மாதிரி துண்டு போடுகிறார்கள். அந்த நிலத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள், பொறுப்பற்றவர்கள் என்று இவருக்கு மனம் கொதிக்கிறது. ஆனால் அந்த மேஜையருகே நின்று எது எந்த ஊர் என்று எடுத்துச் சொன்னவர் அவரேதான். அவர்கள் முடிவு செய்ததை முறையான மொழியில் எழுதித் தருகிற வேலையும் அவருடையதுதான். கிரேக்கர்களின் உரிமைக் கோரிக்கையில் அவருக்கே ஒரு பிடிப்பும் இருந்தது. இரண்டு நாள் கழித்து கிரேக்கத் துருப்புகள் ஸ்மிர்னாவில் இறங்கின. 1922 செப்டம்பரில் அந்த நகரம் எரிந்தது. அதைத் தொடர்ந்து லோசானில் கூடிய மகாநாட்டுக்குக் கர்சன் பிரபுவோடு போனவரும் நிகல்சன்தான். அங்கே முடிவான ஏற்பாட்டின்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் மதத்தை வைத்துக் கடலுக்கு இக்கரையும் அக்கரையுமாக மாற்றப்பட்டார்கள்.

அதே பாரிஸில் இன்னொருவரும் இருந்தார்: கெய்ன்ஸ். ஜெர்மனிமீது சுமத்தப்படுவது அநியாயம் என்று கண்டு 1919 ஜூனில் வேலையை விட்டு வெளியேறினார். வருஷம் முடிவதற்குள் அதைப் புத்தகமாக எழுதி உலகத்தைக் கலக்கினார். நிகல்சனும் கண்டார். வெளியேறவில்லை. வெர்சேயில் கையெழுத்தான ஜூன் 28ஆம் தேதி இரவு அவர் குறிப்பில் இருப்பது வெற்றி அல்ல, குமட்டல். அடுத்த வருஷம் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். அந்தக் குறிப்புகளை 1933இல்தான் 'பீஸ்மேக்கிங் 1919' என்று வெளியிட்டார்: முதல் பாதி நிதானமான வியாக்கியானம், இரண்டாவது பாதி அன்றன்றைய குறிப்புகள். பதினான்கு வருஷத் தாமதம். இந்தத் தாமதத்தைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நான் தயாராக இல்லை. கெய்ன்ஸின் புத்தகத்தில் வாதம் இருக்கிறது. நிகல்சனின் புத்தகத்தில், நல்ல எண்ணத்தோடு போன கெட்டிக்கார இளைஞர்கள் களைப்பாலும் அவசரத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி எதற்கும் சம்மதிக்கிறவர்களாக ஆகிறார்கள் என்பது இருக்கிறது. வெளியேறியவரால் அதை எழுதியிருக்க முடியாது. ஆனால் அதை எழுதுவதற்கு விலையாக அங்கேயே இருந்து சம்மதிக்கவும் வேண்டியிருந்தது.

1925இல் டெஹ்ரானுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து எழுதிய ஒரு அறிக்கையில் தன் மேலதிகாரியின் கொள்கையையே விமர்சித்தார். பலன், 1927இல் திருப்பி அழைக்கப்பட்டுப் பதவியும் ஒரு படி இறக்கப்பட்டது. அலுவலகப் படிவத்தில் நிஜத்தை எழுதியதற்குத் தண்டனை. அதே வருஷம் 'ஸம் பீப்பிள்' வெளிவந்தது. ஒன்பது மனிதர்களின் சித்திரங்கள். நிஜ மனிதர்களும் கற்பனை மனிதர்களும் நிஜச் சம்பவங்களும் இட்டுக்கட்டியவையும் தையல் தெரியாமல் கலந்திருக்கும். லோசானில் குடித்துவிட்டு வேலையிழந்த ஒரு பணியாள் பழிவாங்குவதற்காகக் கர்சன் பிரபுவின் கால்சட்டைகளை ஒளித்துவைத்துவிட்டுப் போகிறான். வங்காளத்தை 1905இல் இரண்டாக வெட்டிய அதே கர்சன். நம் சரித்திரப் புத்தகங்களில் விறைத்து நிற்கிற அந்த மனிதர் கால்சட்டையில்லாமல் அறைக்குள் தவிப்பதைப் படிக்கும்போது எனக்கு உண்டான சந்தோஷத்தில் கொஞ்சம் தேசபக்தியும் இருந்தது.

வர்ஜீனியா வுல்ஃப் இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் புதிய வாழ்க்கை வரலாறு பற்றிய தன் கட்டுரையை எழுதினார். நிகல்சனின் முறையை ரசித்தார். ஆனால் நிஜத்தின் உண்மையும் கற்பனையின் உண்மையும் நெருங்கி உட்கார்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று எச்சரித்தார். விமர்சனரீதியாக இது நியாயமான கேள்விதான். என் சந்தேகம் வேறு. பகலெல்லாம் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்லியாக வேண்டிய ஒருவருக்கு, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு உரைநடை வேண்டியிருந்திருக்கும். அந்தப் புத்தகத்தின் சுதந்திரம் விடுமுறை நாளின் சுதந்திரம். அதனால்தான் அது அவ்வளவு இனிமையாக இருக்கிறது. அதனால்தான் அது மேலே போகவும் இல்லை.

1929இல் பெர்லினிலிருந்து ராஜினாமா செய்தார். மனைவிக்கு வெளிநாட்டுத் தூதரக வாழ்க்கை பிடிக்காது, பணமும் தேவை. பீவர்புரூக்கின் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் ஊர்வம்பு எழுதும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். மாகாணங்களின் எல்லையை வகுத்தவர், யார் வீட்டு விருந்துக்கு யார் வந்தார் என்று எழுத ஆரம்பித்தார். இந்தச் சரிவில் ஒரு நன்மை விளைந்தது. 1930 ஜனவரி 1 முதல் தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் முந்தின நாளைத் தட்டச்சு செய்து வைக்கும் பழக்கம் ஏற்பட்டது. 1964 வரை அது நிற்கவில்லை. நாட்குறிப்பைத் தனக்கே எழுதிக்கொண்டால் சுயபுராணமாகிவிடும், ஊருக்கென்று எழுதினால் வேஷமாகிவிடும், கொள்ளுப்பேரனுக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்வது நல்லது என்பது அவர் கட்சி. இவ்வளவு நடைமுறை சாத்தியமான இலக்கிய ஆலோசனையை நான் அதிகம் கேட்டதில்லை.

அரசியலில் அவர் எடுத்து வைத்த முதல் அடி ஆஸ்வால்ட் மோஸ்லியின் புதிய கட்சியில். 1931இல் சேர்ந்தார்; 'ஆக்‌ஷன்' என்ற வாரப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அரசியல் கொந்தளிப்புக்கு நடுவே மனைவி தோட்டக்கலை பற்றி எழுதினார். டிசம்பர் முடிவதற்குள் பத்திரிகை நின்றது. கட்சியின் இளைஞர்களுக்குச் சீருடை வேண்டும் என்று பேச்சு வந்தபோது நிகல்சன் சொன்ன யோசனை: சாம்பல் நிற ஃபிளானல் கால்சட்டை. பாசிசம் வாசலில் வந்து நிற்கிறது. இவர் அதை ஞாயிற்றுக்கிழமை உலாவப் போகும் கனவான் மாதிரி உடுத்திப் பார்க்கிறார். மோஸ்லி கறுப்புச் சட்டையைத் தேர்ந்தெடுத்தார். 1932இல் இவர் விலகினார். விலகியதற்குக் கொள்கை எவ்வளவு காரணமோ அவ்வளவு ரசனையும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரசனையை நம் வட்டத்தில் உயர்ந்த மதிப்பீடாகக் கொண்டாடுகிறோம். இங்கே அது காப்பாற்றியது. எப்போதும் காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

1935இல் லெஸ்டர் மேற்குத் தொகுதியில் தேசியத் தொழில் கட்சி சார்பில் 87 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பத்து வருஷம் உறுப்பினராக இருந்தார். 1938 செப்டம்பர் 28. சேம்பர்லின் சபையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹிட்லர் மியூனிக்குக்கு அழைத்திருக்கும் செய்தி வந்தது. யுத்தம் இல்லை என்ற நிம்மதியில் சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. நிகல்சன் உட்கார்ந்தே இருந்தார். பின்னாலிருந்த ஒரு கன்சர்வேடிவ் உறுப்பினர் எழுந்து நிற்கும்படி அவரை வைதார். அவர் எழவில்லை. அவருடைய அரசியல் வாழ்க்கையில் பேச்சுகள் பல உண்டு. எனக்கு இந்த உட்கார்ந்திருத்தல்தான் பெரிதாகப் படுகிறது. 1919இல் குனிந்து வரைபடத்தைக் காட்டியவர், செக் கமிட்டியில் இருந்தவர், அதே செக்கோஸ்லோவாகியா துண்டாடப்படப் போகிற நேரத்தில் எழ மறுத்தார். தான் வகுத்த எல்லையின்மேல் இருந்த பாசமா, பாரிஸில் உண்டான குமட்டல் பாக்கி இருந்ததா, தெரியாது. ஒரு உடம்பு ஒரு நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதும் ஒரு வாக்கியம்தான். அதில் திருத்த ஒன்றுமில்லை.

1940 மே மாதம் சர்ச்சில் அரசில் தகவல் இலாகாவில் துணைப் பதவி கிடைத்தது. ஜெர்மானியர் வந்திறங்கினால் என்ன செய்வது என்று அவரும் மனைவியும் விஷ மாத்திரை வாங்கி வைத்திருந்த நாட்கள் அவை. 1941 ஜூலையில், அந்த இடம் தொழிற்கட்சிக்காரர் ஒருவருக்குத் தேவைப்பட்டதால் ராஜினாமா செய்யச் சொன்னார்கள்; பதிலுக்கு பிபிசி ஆட்சிக்குழுவில் ஒரு நாற்காலி. இனி தன்னை யாரும் எதிர்காலம் உள்ளவனாகப் பார்க்கப் போவதில்லை என்று அன்றைக்கே எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளாமல் எழுதி வைத்தார். தோல்வியைத் தத்துவமாக்கிவிடுவது நமக்குக் கைவந்த கலை. அவர் அதைத் தோல்வி என்றே எழுதினார்.

1945இல் தொகுதி போயிற்று. 1947இல் தொழிற்கட்சியில் சேர்ந்தார். பிரபுக்கள் சபைக்கு அனுப்புவார்கள் என்ற ஆசை அதில் இருந்தது. 1948இல் வடக்கு குராய்டன் இடைத்தேர்தலில் தோற்றார். தோற்ற கையோடு 'ஸ்பெக்டேட்டர்' பத்தியில் அந்தத் தேர்தலின் அபத்தங்களை யாருக்கோ நடந்தது போல ரசித்து எழுதினார். கட்சிக்காரர்களுக்குக் கோபம் வந்தது. பிரபு பட்டம் வரவே இல்லை. வெளியே நின்று தன்னையே பார்க்கத் தெரிந்த மனிதர் எந்தக் கட்சிக்கு உபயோகப்படுவார்?

பிறகு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு வந்தது. இங்கிலீஷ் வாழ்க்கை வரலாறு எப்படி வளர்ந்தது என்று 1927இலேயே புத்தகம் எழுதி, புகழ்மாலையை இலக்கியம் ஆகாதென்று ஒதுக்கியவர் அவர். மன்னர் பதவிக்கு இழுக்கான எதையும் எழுத வேண்டாம் என்று அரண்மனையில் சொன்னார்கள். ஒப்புக்கொண்டார். மன்னர் பட்டத்துக்கு வருவதற்கு முந்தைய நீண்ட வருஷங்களில் மிருகங்களைச் சுட்டதும் தபால்தலை ஒட்டியதும் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பது நிகல்சனின் அந்தரங்க அபிப்பிராயம். 1952இல் வெளிவந்த அரசாங்க வரலாற்றில் அந்தச் சலிப்பு இல்லை. 1953இல் 'ஸர்' பட்டம் வந்தது. அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை.

இவ்வளவையும் எழுதிய நாட்குறிப்பில் எழுதப்படாதது எது? 1973இல் மகன் நைஜல் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் உலகம் தெரிந்துகொண்டது: கணவர் மனைவி இருவருக்குமே தம் பாலினத்தவரோடு உறவுகள் இருந்தன. 1920இல் விடா தன் காதலியோடு பிரான்சுக்குப் போய்விட, நிகல்சன் விமானத்தில் போய் அழைத்து வந்தார். ஆண்களிடையே அத்தகைய உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். பயம் நியாயமானதுதான். மௌனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேறு சிலவற்றை அவர் மௌனமாக விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூதர்கள், கறுப்பர்கள், கீழ்த்தட்டு ஜனங்கள் பற்றிய தன் அருவருப்புகளை அவர் வெட்கமின்றி எழுதி வைத்திருக்கிறார். நாஜிகளின் யூத வெறுப்பை எதிர்த்துக்கொண்டே தன்னுடையதையும் வைத்திருந்தார். தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு, இது பார்க்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. துல்லியம் என்பது நாம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நாட்குறிப்பின் மூன்று தொகுதிகளும் 1966 முதல் 1968 வரை மகனின் பதிப்பில் வந்தன. 1968 மே 1ஆம் தேதி, அவரும் விடாவும் சேர்ந்து உருவாக்கிய ஸிஸ்ஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்து வீட்டில் இறந்தார். அந்தத் தோட்டத்தில் பாதைகளின் கோடுகளைப் போட்டவர் அவர். செடிகளை வைத்தவர் விடா.

'டிப்ளமஸி' என்று 1939இல் எழுதிய புத்தகத்தில் ராஜதந்திரிக்கு வேண்டிய குணங்களை வரிசைப்படுத்தும்போது உண்மையை முதலிலும் துல்லியத்தை அதற்கு அடுத்தபடியும் வைத்தார். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். வரைவு எழுதுகிறவனுக்குத் துல்லியம் பழகிவிடும். அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் பழகிவிடும். நிகல்சன் நிம்மதியாகத் தூங்கவில்லை என்பதற்குத் தினமும் காலையில் தட்டச்சு செய்த அந்தத் தாள்கள் சாட்சி. ஆனாலும் மறுநாள் அதே மேஜைக்குத்தான் போனார். சாட்சியாக இருப்பதால் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. பொறுப்பில் பங்குள்ளவன் என்பதால் சாட்சியம் செல்லாது என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவரைப் புகழ்வதும் திட்டுவதும் சுலபம்.

என் நண்பர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்கள் பகலில் எழுதியவை சர்க்கார் அலமாரிகளில் கையெழுத்து வேறொருவருடையதாக இருக்கின்றன. மாலையில் எழுதியவை சின்னச் சின்னப் புத்தகங்களாக வந்திருக்கின்றன. அவற்றில் சில நல்ல கவிதைகள். அவற்றில் பகல் எங்கே என்று நான் தேடிப் பார்க்கிறேன்.